பெயர் பிரபுவுக்கு... கடன் குட்இயருக்கு!

ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆற்றுத் தண்ணீரில் ஒருத்தர் ஹாயாக நின்றபடி தூண்டில் வீசிக்கொண்டிருப்பார். கரையேறி பூட்ஸைக் கழற்றினால், காலில் சொட்டு ஈரம் இருக்காது! நாம் 'கம் பூட்ஸ்' என்கிறோம். பிரிட்டிஷ்காரர்களுக்கு அது 'வெலிங்டன்'. ஆமாம், 1815-ல் வாட்டர்லூ போரில் நெப்போலியனைத் தோற்கடித்தாரே, அதே வெலிங்டன் பிரபுதான்!

வேடிக்கை என்னவென்றால், பிரபு தைத்துப் போட்டுக்கொண்ட பூட்ஸில் ரப்பரே கிடையாது. அது சுத்தமான கன்றுத்தோல். 'ஹீரோ' போட்டதாச்சே என்று லண்டன் மைனர்கள் எல்லாம் காப்பியடிக்க, பெயர் நிலைத்துவிட்டது.

சரி, ரப்பர் எங்கிருந்து வந்தது? அதற்காக ஒரு மனிதர் வாழ்க்கையையே தொலைத்தார். அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் குட்இயர். அந்தக் காலத்து ரப்பர் ஒரு சண்டி. வெயிலில் உருகி ஒட்டும், குளிரில் விறைத்து வெடிக்கும். அதை வழிக்குக் கொண்டுவந்தே தீருவேன் என்று கிளம்பிய குட்இயர், கடன்காரர்களால் சிறைக்குப் போனார். வீட்டில் வறுமை. மனுஷர் விடவில்லை! 1839-ல் ஒருநாள், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டது. உருகியிருக்க வேண்டுமே? இல்லை! தோல் மாதிரி கெட்டியாக, அதே சமயம் வளைந்து கொடுத்தது.

அவரிடம் உரிமை வாங்கிய ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர், 1853-ல் பிரான்ஸில் ரப்பர் பூட்ஸ் தொழிற்சாலை தொடங்கினார். 1856-ல் எடின்பரோவிலும் இன்னொரு அமெரிக்கரின் கம்பெனி முளைத்தது.

அதன் அருமை தெரிந்தது முதல் உலகப் போரில்தான். 1914 குளிர்காலம். பிரான்ஸ், பெல்ஜியம் பதுங்குகுழிகளில் முழங்கால் வரை சகதி. நாள்கணக்கில் ஈரத்திலேயே நின்ற வீரர்களின் கால்கள் வீங்கி, மரத்து, அழுக ஆரம்பித்தன. சிலருக்குக் காலையே வெட்டியெடுக்க வேண்டிய கொடுமை! குண்டு படாமலேயே ஆயிரக்கணக்கானோர் முடங்கினார்கள். பதறிப்போன பிரிட்டிஷ் ராணுவம் பூட்ஸுக்கு ஆர்டர் கொடுத்தது. எடின்பரோ கம்பெனி மட்டும் போர்க்காலத்தில் செய்து தள்ளியது 11 லட்சத்து 85 ஆயிரம் ஜோடிகளுக்கு மேல்! தொடை வரை ஏறும் பூட்ஸ் ஆளுக்கு ஒன்று கிடைக்காது. அது பதுங்குகுழியின் சொத்து. டூட்டி முடிந்தவர் கழற்ற, அடுத்து வருகிறவர் மாட்டிக்கொள்வார்!

எத்தனை கால்கள் தப்பின! அதைப் பார்க்க குட்இயர் இல்லை. 1860-லேயே போய்விட்டார், சுமார் 2 லட்சம் டாலர் கடனோடு! அப்படியானால் அந்த பிரபலமான டயர் கம்பெனி? அது 1898-ல் வேறொருவர் தொடங்கியது. மரியாதைக்காக இவர் பெயரை வைத்தார்கள், அவ்வளவுதான்.

ரப்பர் பூட்ஸுக்கோ... இன்றைக்கும் பிரபுவின் பெயர்தான்!