கான்கார்ட்

கான்கார்ட்: இசைவு, ஒற்றுமை, மனமொத்துப்போதல் என்ற பொருள்கள் கொண்ட ஆங்கிலப் பெயர்ச்சொல். இதே பொருள் தரும் ஹார்மனி கிரேக்கத்திலிருந்து வந்தது. பலகைகளை மூட்டுவாய் பொருத்தும் வேலையோடு உறவுடையது. கான்கார்ட் லத்தீன் வழி வந்தது. அதில் 'கான்' என்றால் கூட. 'கோர்' என்றால் நெஞ்சம். நெஞ்சோடு நெஞ்சு சேர்ந்த நிலைதான் 'கான்கார்டியா'. பிரெஞ்சு வழியாக 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்தில் நுழைந்தது. கீபோர்டு வாசிப்பவர்கள் 'கார்ட்' என்று சொல்லும் சுரக்கூட்டும் 'அக்கார்ட்' என்ற சொல்லின் சுருக்கமாக இதே வேரில் கிளைத்ததுதான். கிரேக்கத்தில் தந்திக்குரிய சொல்லோடு குழப்பிக்கொண்டு, பிற்காலத்தில் அதன் நடுவே ஒரு 'ஹெச்' எழுத்தைச் செருகினார்கள்.

அகராதிப் பொருள் இவ்வளவு சாந்தமாக இருந்தாலும், இந்தப் பெயரைச் சுமந்த இடங்களின் வரலாறு அப்படியில்லை. ஊர் அமைதியாக இருந்தபோது யாரும் இதைத் தேடியதாகத் தெரியவில்லை. அடிதடி முடிந்த கையோடுதான் பெரும்பாலும் பெயர்ப்பலகை ஏறியிருக்கிறது.

ரோமாபுரியில் கான்கார்டியா ஒரு பெண் தெய்வம். மேட்டுக்குடியினருக்கும் எளிய குடிமக்களுக்கும் நடந்த நீண்ட இழுபறி ஓய்ந்த கி.மு. 367-இல், கமில்லஸ் என்ற தளபதி அவளுக்குக் கோயில் நேர்ந்துகொண்டதாக மரபு. அதைவிட உறுதியாகத் தெரிவது கி.மு. 121-இல் நடந்தது. நிலச் சீர்திருத்தம் பேசிய கையஸ் கிராக்கஸ் அந்த ஆண்டு உயிரிழந்தார். அவர் பக்கம் நின்றவர்களை, அந்த ஆண்டு ஆட்சித்தலைவராக (கான்சல்) இருந்த ஒபிமியஸின் ஆட்கள் வேட்டையாடினார்கள். பலியானவர்கள் 3,000 பேர் என்கிறார் பண்டைய எழுத்தாளர் புளூட்டார்க். அதே ஒபிமியஸ்தான் பின்னர் ஃபோரம் சதுக்கத்தின் மேற்குக் கோடியில் ஒற்றுமைத் தேவிக்குப் புதிதாகக் கோயில் எழுப்பினார். இரவோடு இரவாக யாரோ அதன் கல்வெட்டுக்குக் கீழே, இந்தக் கோயிலைக் கட்டியதே வெறிபிடித்த சச்சரவுதான் என்ற பொருளில் ஒரு வரி செதுக்கிவிட்டுப் போனார்களாம். நகரச் சுவரெழுத்துகளில் அதற்கு மூத்த இடம் உண்டு!

கி.மு. 63 டிசம்பர் 5 அன்று செனட் கூடியதும் இந்தக் கோயிலில்தான். ஆட்சியைக் கவிழ்க்கக் கேட்டிலைன் தீட்டிய சதியில் பிடிபட்ட ஐவரை என்ன செய்வது என்று சிசரோ தலைமையில் விவாதித்தார்கள். அன்று மாலையே, கூப்பிடு தூரத்திலிருந்த சிறையில் ஐவரும் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார்கள். கோயிலைப் பிற்பாடு, பின்னாளில் பேரரசரான திபேரியஸ் புதுப்பித்தார். இன்று அடித்தளமும் சில துண்டுகளும்தான் மிச்சம்.

இங்கிலாந்தின் சட்டத்தில் இந்தச் சொல் வேடிக்கையான வேலை ஒன்றைப் பார்த்தது. நிலம் கைமாறும்போது அசைக்க முடியாத பத்திரம் வேண்டுமென்றால், வாங்குபவர் விற்பவர்மீது வழக்குப் போடுவார். வழக்கு வெறும் பாவனை. இருவரும் சமரசம் ஆகிவிட்டதாக நீதிமன்றம் எழுதித்தரும் ஆவணத்துக்கு 'இறுதி கான்கார்ட்' என்று பெயர். ஒரே தோலில் ஒரே வாசகத்தை மூன்று முறை எழுதி, நெளிநெளியாக வெட்டுவார்கள். ஆளுக்கொரு துண்டு, அடித்துண்டு அரசுக் கருவூலத்துக்கு. 1195-இல் வந்த ஏற்பாடு இது. போலிப் பத்திரத்தோடு எவராவது வந்தால் நெளிவுகள் பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும். சமரசம் வேண்டும் என்பதற்காகவே சண்டையை உற்பத்தி செய்த இந்த முறை 1833 வரை நீடித்தது.

பாரிஸில் 15-ஆம் லூயி பெயரில் இருந்த சதுக்கம், புரட்சியின்போது புரட்சிச் சதுக்கமானது. 1793 ஜனவரி 21 அன்று 16-ஆம் லூயியின் தலை அங்கேதான் விழுந்தது. அக்டோபரில் அரசி மேரி அந்துவானெத். ரத்தம் காய்ந்த 1795-இல் அதற்கு 'பிளாஸ் த லா கான்கார்ட்' என்று பெயர் சூட்டினார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் மட்டும் வரிசை தலைகீழ். 1635-இல் கான்கார்ட் என்று பெயர் பெற்ற ஊர், 140 ஆண்டுகள் பொறுத்திருந்து, 1775 ஏப்ரல் 19 அன்று பிரிட்டிஷ் படைக்கும் குடியேறிகளுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையால் விடுதலைப் போரின் தொடக்கக் களங்களில் ஒன்றாயிற்று. கான்கார்ட் என்ற கருநீலத் திராட்சை ரகமும் அவ்வூரில் எஃப்ரைம் புல் வளர்த்ததுதான்.

புத்தக உலகில் இதன் கிளைச்சொல் 'கான்கார்டன்ஸ்'. ஒரு நூலில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் பட்டியல் அது, தமிழில் சொல்லடைவு. விவிலியத்துக்குரியதைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஒத்தவாக்கிய சங்கிரகம் என்பார்கள். ஆங்கில விவிலியத்துக்கு அலெக்சாண்டர் க்ரூடன் தனியாளாகத் தொகுத்தது 1737-இல் வெளிவந்து இன்றும் புழங்குகிறது. இலக்கணத்தில் எழுவாயும் வினையும் ஒத்துப்போவதும் கான்கார்ட்தான்.

இந்தச் சொல்லை உலகறியச் செய்தது விமானம். ஒலியைப்போல இரு மடங்கு வேகத்தில் பறக்கும் பயணிகள் விமானத்தைச் சேர்ந்து கட்ட பிரிட்டனும் பிரான்சும் 1962 நவம்பர் 29 அன்று ஒப்பந்தம் போட்டன. பெயரே ஒற்றுமை. ஆனால் பிரெஞ்சில் அதன் கடைசியில் 'இ' உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. பிரெஞ்சு அதிபர் துகோல் தம்மை அவமதித்ததாகக் கருதிய பிரிட்டிஷ் பிரதமர் மேக்மில்லன், பிரிட்டன் பக்கம் அந்த 'இ'யை வெட்டினார். 1967 டிசம்பரில் துலூஸில் முதல் விமானம் வெளியே வந்தபோது, அமைச்சர் டோனி பென் அதைத் திரும்ப ஒட்டவைத்தார். எக்சலன்ஸ், இங்கிலாந்து, யூரோப், ஆந்தாந்த் (பிரெஞ்சில் இணக்கம்) ஆகிய நான்குக்கும் அது முதலெழுத்து என்று விளக்கம் வேறு. விமானத்தின் மூக்கு ஸ்காட்லாந்தில் அல்லவா தயாராகிறது என்று ஒருவர் கோபமாகக் கடிதம் எழுத, ஸ்காட்லாந்தின் பிரெஞ்சுப் பெயரான எகோஸுக்கும் அதுதான் முதலெழுத்து என்று பென் சமாளித்தார்.

லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்குப் பறந்த கான்கார்ட் விமானத்துக்கு ஒரு பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணம், மறுபக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணம். 1977 டிசம்பரில் தொடங்கிய அந்தச் சேவை மூன்றே நடைகளில் நின்றது. மலாக்கா நீரிணைக்கு மேல் ஒலியதிர்வு எழுப்பிக்கொண்டு பறக்கக் கூடாது என்று மலேசியா மறுத்துவிட்டது. 1979-இல் மீண்டும் பறந்து, போதிய பயணிகள் இல்லாமல் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது.