அமோன் கோயிலிலிருந்து அமினோ அமிலம் வரை

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர், நெருப்பில் காய்ந்த பாத்திரத்தில் ஒரு வெள்ளைப் பொடியைத் தூவித் தேய்ப்பார். மூக்கைத் துளைக்கும் புகை கிளம்பும். பொடியின் பெயர் நவச்சாரம். ஐரோப்பியர் அதை ‘அமோனின் உப்பு’ என்றார்கள். எகிப்தின் சீவா பாலைவனச் சோலையில் அமோன் தெய்வத்துக்குக் கோயில் இருந்தது. பெயர் அங்கிருந்து வந்தது. பழைய ரோமானியர் அப்படி அழைத்தது பெரும்பாலும் வெறும் பாறை உப்பைத்தான் என்கிறார்கள். பெயர் பிற்பாடு நவச்சாரத்தின் மேல் ஏறிக்கொண்டது.

நவச்சாரத்திலிருந்து 1774-இல் வேதியியலாளர் பிரீஸ்ட்லி ஒரு வாயுவைப் பிரித்து, ‘காரக் காற்று’ என்றார். 1782-இல் சுவீடனின் பெர்க்மன் அதற்கு ‘அமோனியா’ என்று பெயர் வைத்தார். 1849-இல் வேதியியலாளர் வூர்ட்ஸ், அமோனியாவின் ஹைட்ரஜன் இருந்த இடத்தில் கார்பன் தொகுதி அமர்ந்த சேர்மங்களைக் கண்டுபிடித்தார். அவை அமீன்கள். அமீன் தொகுதியும் அமிலத் தொகுதியும் ஒரே மூலக்கூறில் இருந்தால் அமினோ அமிலம்.

பொருள் என்னவோ பெயருக்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. 1820-இல் பிரான்சின் பிராக்கோனோ, ஜெலட்டினைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்தார். கிடைத்த படிகம் நாக்கில் இனித்தது; சர்க்கரை என்றே நினைத்தார். அதில் நைட்ரஜன் இருப்பது பின்னர்தான் தெரிந்தது. ‘இனிப்பு’ என்னும் கிரேக்கச் சொல் மட்டும் ‘கிளைசின்’ என்ற பெயரில் தங்கிவிட்டது. டைரோசினுக்குப் பாலாடைக்கட்டியும் செரினுக்குப் பட்டும் பெயர் கொடுத்தன.

உண்மையில் விசித்திரம் கிளைசினின் நடத்தையில்தான். வினிகரின் அசெட்டிக் அமிலம் 17 டிகிரிக்கு அருகிலேயே உருகிவிடும். அதன் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அமீன் தொகுதியை வைத்தால் கிளைசின். அதுவோ 230 டிகிரியைத் தாண்டியும் உருகாமல் நின்று, பிறகு சிதைகிறது. காரணம், அமில முனை தன் புரோட்டானை அமீன் முனைக்குக் கொடுத்துவிடுகிறது. ஒரு பக்கம் எதிர் மின்சுமை, மறுபக்கம் நேர் மின்சுமை. அந்த ஈர்ப்பில் படிகம் உப்பைப் போல இறுகிக் கிடக்கிறது. இப்படிப்பட்ட அயனிக்கு ‘இருபால் உயிர்’ என்னும் ஜெர்மன் சொல்லிலிருந்து ‘ஸ்விட்டர் அயனி’ என்று பெயர். நீரில் அமினோ அமிலங்கள் இந்த வடிவில்தான் இருக்கின்றன என்று 1923-இல் டென்மார்க்கின் பியெரம் காட்டினார்.

அமிலம் சேர்த்தால் கிளைசின் முழுக்க நேர் அயனியாகும். காரம் சேர்த்தால் எதிர் அயனியாகும். பிஎச் 5.97-இல் மின்புலம் வைத்தாலும் எந்தப் பக்கமும் நகராது. ஆனாலும் பல புத்தகங்களில் மின்சுமையே இல்லாத கிளைசினைத்தான் வரைகிறார்கள். நீரில் அந்த வடிவம் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆசிரியர்கள் கரும்பலகையில் நேர், எதிர் மின்சுமைக் குறிகள் இரண்டையும் சேர்த்தே எழுதட்டும்.