'அலம்னை' – ஒரு சொல்லின் வரலாறு



நம் சங்கத்தின் பெயரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. நம்மில் பாதிப் பேர் 'அலம்னி' என்கிறோம். மீதிப் பேர் 'அலம்னை' என்கிறோம். எது சரி?

இது லத்தீன் சொல். ஆண் ஒருவர் 'அலம்னஸ்', பலர் 'அலம்னை'. பெண் ஒருவர் 'அலம்னா', பலர் 'அலம்னீ'. ஆங்கிலத்தில் அ–லம்–னை என்று மூன்று அசை. அழுத்தம் நடு அசையில். (நம் யாப்புப்படி அலகிட்டால் 'அலம்' நிரை, 'னை' நேர். புளிமா! தமிழய்யா மன்னிப்பாராக.) பழைய ரோமானியரோ ஆண்களை 'அலும்னீ' என்றும் பெண்களை 'அலும்னை' என்றும் உச்சரித்தார்கள். ஆங்கிலேயர் வாயில் இரண்டும் இடம் மாறிவிட்டன! ஆக, அகராதிப்படி 'அலம்னை', ரோமாபுரிப்படி 'அலும்னீ'. சண்டை வேண்டாம்.

பொருள்தான் முக்கியம். லத்தீனில் 'அலெரே' என்றால் ஊட்டி வளர்த்தல். ஊட்டி வளர்க்கப்பட்டவனே அலம்னஸ். ரோமானியக் கல்லறைக் கல்வெட்டுகளில் வளர்ப்புப் பிள்ளைகளை இச்சொல்லால்தான் குறித்தார்கள். 'ஆல்மா மேட்டர்' என்றால் ஊட்டும் தாய், அதே வேர். 'அடல்ட்', 'ஓல்டு' என்ற சொற்களும் இந்தக் குடும்பத்துப் பங்காளிகளே. 'ஓல்டு பாய்ஸ்' என்றாலும் உறவு விட்டுப் போகாது!

தமிழில் 'முன்னாள் மாணவர்' என்கிறோம், முன்னாள் அமைச்சர் மாதிரி. பதவி போனதைத்தான் அது சொல்கிறது. அலம்னஸ் என்ற சொல்லில் 'முன்னாள்' கிடையாது. சாப்பிட்ட சோறு முன்னாள் ஆகுமா?

கிராமத்திலிருந்து வந்த முதல் தலைமுறைக்காரனான எனக்கு இது ஏட்டுப் பொருள் அல்ல. மெஸ் பாக்கி கட்ட முடியாத மாதத்திலும், "முதல்ல சாப்பிடுப்பா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தட்டு வைத்தவர்கள் நம் ஹாஸ்டலில் இருந்தார்கள்.

1821-இல் அமெரிக்காவில் வில்லியம்ஸ் கல்லூரியின் தலைவர், மாணவர் சிலருடன் விலகி ஆம்ஹர்ஸ்ட் ஊருக்குப் போய்விட்டார். கல்லூரியே மூடப்படுமோ என்ற நிலை. அங்கே படித்தவர்கள் ஒன்றுகூடித் தாங்கிப் பிடித்தார்கள். கல்லூரி உலகின் மிகப் பழைய அலம்னை சங்கங்களில் ஒன்று அப்படித்தான் பிறந்தது. விருந்து சாப்பிடுவதற்காக அல்ல.

எனவே என் வேண்டுகோள் ஒன்றுதான். நம் மெஸ்ஸில் பாக்கி கட்ட முடியாமல் தவிக்கும் தம்பி, தங்கைகளின் கணக்கை, பெயர் வெளியே தெரியாமல், ஆண்டுதோறும் நம் சங்கமே ஏற்கட்டும். அதன் பிறகு 'அலம்னி' என்றாலும் சரி, 'அலம்னை' என்றாலும் சரி, உச்சரிப்பு சுத்தமாகத்தான் இருக்கும்.

வாழ்க நம் கல்லூரி!