தீயில் பிறந்த குளிர்

1823. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வகத்தில், வாயுக்களைத் திரவமாக்கியே தீருவது என்று மைக்கேல் ஃபாரடே முனைந்திருந்தார். வளைந்த கண்ணாடிக் குழாய்களில் ரசாயனங்களை இட்டு, வாயை உருக்கி மூடி, ஒரு முனையைச் சூடாக்கினார், மறுமுனையைக் குளிர்வித்தார். குழாய்கள் வெடித்தன. தெறித்த கண்ணாடித் துணுக்குகள் அவர் கண்களையும் விட்டுவைக்கவில்லை. ஆனாலும் அவர் ஓயவில்லை. அம்மோனியாவை உறிஞ்சிய வெள்ளி குளோரைடைச் சூடேற்றியபோது, அம்மோனியா பிரிந்து மறுமுனையில் திரவமாகச் சேர்ந்தது. தீயை அகற்றினார். வெள்ளி குளோரைடு அம்மோனியாவை மீண்டும் இழுத்துக்கொள்ளத் தொடங்கியது. மறுமுனையில் திரவம் தானாகக் கொதித்து ஆவியாக, அந்த முனை கடுமையாகச் சில்லிட்டது. தீயிலிருந்து குளிர் கிடைத்திருந்தது! அதை வைத்து ஒரு எந்திரம் செய்ய ஃபாரடேக்கு நேரமில்லை. அந்த வேலை வேறொருவருக்காக 36 ஆண்டுகள் காத்திருந்தது.

1859-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஃபெர்டினாண்ட் காரே, வெள்ளி குளோரைடுக்குப் பதிலாகச் சாதாரணத் தண்ணீரைப் பிடித்தார். அம்மோனியாவைத் தண்ணீர் ஆவலோடு உறிஞ்சும், சூடாக்கினால் விட்டுவிடும். இந்த ஒரே குணத்தை நம்பி அவர் செய்த எந்திரம், 1862 லண்டன் கண்காட்சியில் பார்வையாளர்கள் கண்ணெதிரே பனிக்கட்டியைக் குவித்தது. அப்போது உலகம் ஏரிப் பனியை நம்பியிருந்தது. அமெரிக்காவின் வட மாநில ஏரிகளில் அறுத்த பனிக்கட்டி, தென் மாநிலங்களுக்கு மட்டுமல்ல, சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் வரைக்கும் கப்பலில் வந்துகொண்டிருந்தது. உள்நாட்டுப் போர் மூண்டதும் தென் மாநிலத் துறைமுகங்களை வடக்கின் கப்பல்கள் முற்றுகையிட்டன. பனி வரத்து நின்றது. காரேயின் எந்திரம் மெக்சிகோ வழியாகச் சுற்றிக்கொண்டு டெக்சஸுக்குள் நுழைந்தது. வெற்றிதான். ஆனால் அந்த எந்திரத்தின் வயிற்றில் ஒரு தீராத தலைவலி இருந்தது.

அதன் பெயர் பம்ப். அம்மோனியா ஆவியாகும் இடத்தில் அழுத்தம் குறைவு. அதைக் கொதிக்கவைக்கும் இடத்தில் அதிகம். குறைந்த பக்கத்திலிருந்து அதிக அழுத்தப் பக்கத்துக்குக் கரைசலைத் தள்ள ஒரு பம்ப் ஓடியே ஆகவேண்டும். பம்ப் இருந்தால் அதை ஓட்ட விசை வேண்டும், மூட்டுகளில் கசிவு வரும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தொழிற்சாலைக்கு இது சரி. வீட்டுச் சமையலறைக்கு எப்படி? 1899-ல் கெப்பர்ட் என்ற ஜெர்மானியர், இரண்டு பக்கமும் அழுத்தத்தைச் சமமாக்கிவிட்டால் என்ன என்று யோசித்து, உள்ளே காற்றைக் கலந்து பார்த்தார். பலன் கிட்டவில்லை. யோசனை சரி, கலந்த பொருள்தான் தவறு என்று தெரிய இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது.

1922. ஸ்டாக்ஹோம் ராயல் தொழில்நுட்பக் கல்லூரி. பால்ட்சார் ஃபோன் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள். இருவருக்கும் இருபத்தைந்து வயதுக்கு மேல் இல்லை. காற்றுக்குப் பதிலாக, வாயுக்களிலேயே மிக இலேசான ஹைட்ரஜனை அவர்கள் கையிலெடுத்தார்கள். பம்ப் இல்லை, மோட்டார் இல்லை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. மூடிய எஃகுக் குழாய்களும் அடியில் ஒரு சிறு சுடரும் மட்டும்தான். இது எப்படி ஓடும்?

ஓடியது. சுடரின் வெப்பத்தில் எழுந்த குமிழிகளே கரைசலை மேலே தூக்கிச் சென்றன. பிரிந்த அம்மோனியா உச்சியில் ஆறித் திரவமாகி, ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் வழிந்தது. குழாய் முழுதும் மொத்த அழுத்தம் ஒன்றே. ஆனால் இந்த இடத்தில் அதன் பெரும்பங்கை ஹைட்ரஜன் சுமந்துகொண்டதால், அம்மோனியாவின் மீதான சுமை தணிந்தது. பெட்டிக்குள் இருந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு அது ஆவியானது. அம்மோனியா ஆவி ஏறிக் கனத்த ஹைட்ரஜன் கீழே இறங்க, அங்கே தண்ணீர் அம்மோனியாவை மட்டும் உறிஞ்சிக்கொண்டது. இலேசான ஹைட்ரஜன் தானாக மேலே திரும்பியது. துளிச் சத்தமும் இல்லை. வாங்க ஆள்தான் தேவைப்பட்டது.

1925-ல் ஆள் வந்தார். தரைத்தூசி உறிஞ்சும் கருவிகளை விற்றுப் பேர்பெற்ற எலக்ட்ரோலக்ஸின் ஆக்சல் வென்னர்-கிரேன், காப்புரிமைகளை வைத்திருந்த ஆர்க்டிக் நிறுவனத்தையே வாங்கிவிட்டார். மின்சாரம், எரிவாயு, மண்ணெண்ணெய் எதிலும் ஓடும் பெட்டி சந்தைக்கு வந்தது. முதலில் அதைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீர் தேவைப்பட்டது. 1931-ல் காற்றே போதும் என்றானது. இதற்கிடையில் பெர்லினில், கசிந்த குளிரூட்டி வாயுவால் ஒரு குடும்பமே இறந்த செய்தியைப் படித்து வருந்திய ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், லியோ சிலார்டுடன் சேர்ந்து அசையும் பாகமில்லாத வேறொரு ஃபிரிட்ஜை வடிவமைத்தார். அந்தக் காப்புரிமையையும் எலக்ட்ரோலக்ஸ் வாங்கியது. பெட்டி கடைக்கு வரவேயில்லை. அசையும் பாகமில்லாத ஃபிரிட்ஜ்களில் சுடர்ப் பெட்டி மட்டும் களத்தில் நின்றது. எதிரி வேறு பக்கத்திலிருந்து வந்தான்.

மின்கம்பிகள் ஊர் ஊராகப் பரவின. கம்ப்ரஸர் வைத்த ஃபிரிட்ஜ் ஒரு பங்கு மின்சாரத்தில் அதைவிடக் கூடுதலான வெப்பத்தை வெளியேற்றியது; சுடர்ப் பெட்டியோ, கொடுத்த வெப்பத்தில் நாலில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குளிர் தந்தது. வீடுகள் கட்சி மாறின. அமெரிக்காவில் சுடர்ப் பெட்டியைத் தயாரித்த செர்வெல் நிறுவனம் 1950-களின் பிற்பகுதியில் ஃபிரிட்ஜ் தொழிலைவிட்டே விலகியது. மின்சாரம் எட்டாத ஊர்களில் தடுப்பூசி காப்பதும், சத்தம் ஆகாத ஓட்டல் அறைகளில் மினி பாராக நிற்பதும் மிச்சம். கதை முடிந்தது போலத்தான் இருந்தது, ஐரோப்பியக் குடும்பங்கள் விடுமுறைக்கு வீட்டையே இழுத்துக்கொண்டு கிளம்பும்வரை.

கேரவனிலும் மோட்டார்ஹோமிலும் மின்கம்பி கிடையாது. அடுப்புக்காகக் கேஸ் சிலிண்டர் ஏற்கெனவே இருந்தது. வீடு கைவிட்ட பெட்டிக்கு வீட்டு வண்டி அடைக்கலம் தந்தது. நிறுத்திய இடத்தில் கேஸ், முகாமில் 230 வோல்ட் மின்சாரம், ஓடும்போது 12 வோல்ட் பேட்டரி என்று மூன்று வழியிலும் ஓடுகிற மோட்டார்ஹோம் ஃபிரிட்ஜ், அந்த இரண்டு மாணவர்களின் எந்திரமேதான். எலக்ட்ரோலக்ஸின் இந்தப் பிரிவு 2001-ல் தனியே பிரிந்து டொமெட்டிக் ஆனது. பழைய பெருந்தீனி மட்டும் கூடவே வந்தது.

சுமார் 100 லிட்டர் பெட்டி நாளுக்கு 300 கிராம் அளவில் கேஸ் எரித்தது. 11 கிலோ சிலிண்டர் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கியதால் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. முகாமில் செருகினால் நாளுக்கு மூன்று யூனிட்டை ஒட்டி இழுத்தது. மீட்டர் பார்த்துக் காசு வாங்கிய இடங்களில் அது உறைத்தது. உண்மையான அடி 12 வோல்ட்டில் விழுந்தது. அதன் ஹீட்டர் 120 முதல் 170 வாட் வரை கேட்டது. 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் பத்திரமாக எடுக்கலாம். அது நாலு மணி நேரத்தில் தீர்ந்தது. எஞ்சினை நிறுத்தியதும் கேஸுக்கு மாற்ற மறந்தவர்களுக்கு, காலையில் பாலும் கெட்டிருந்தது, விளக்கும் எரியவில்லை. வண்டி சாய்ந்து நின்றாலும் குழாய்க்குள் திரவம் தேங்கிக் குளிர் நின்றது. பழைய எதிரிக்கு இதைவிட நல்ல தருணம் வாய்க்குமா?

கம்ப்ரஸரே 12 வோல்ட்டில் ஓடப் பழகிக்கொண்டு வந்தது. டென்மார்க்கின் டான்ஃபாஸ் போன்றவர்கள் செய்த சிறு கம்ப்ரஸர்கள் ஓடும்போது 40, 50 வாட்தான் எடுத்தன. வேண்டிய குளிர் வந்ததும் நின்றன. மிதமான வெயிலில் ஒரு நாளைக்கு அரை யூனிட் அளவு போதுமென்றானது. ஐரோப்பியக் கோடையில் 100 வாட் சோலார் பேனலே ஏறக்குறைய அவ்வளவைத் தந்தது. லித்தியம் பேட்டரிகளும் மலிவாகத் தொடங்கியதும், புதிய வண்டிகள் அணி அணியாகக் கம்ப்ரஸருக்கு மாறின. ஆனால் குளிர்காலம் வேறு தீர்ப்பு வைத்திருந்தது.

நாள்கணக்கில் சூரியன் முகம் காட்டாத பனிமலை முகாமில் பேனல் படுத்துக்கொண்டது. பேட்டரியை நிரப்ப எஞ்சினை ஓட்டி டீசலைக் கரைக்கவேண்டி வந்தது. பக்கத்து வண்டியில் பழைய பெட்டி, ஒரு சிலிண்டரை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் ஓடியது. தினம் பயணம் போகிறவர்களுக்கும் வெயிலைத் தொடர்கிறவர்களுக்கும் கம்ப்ரஸர் சிக்கனமாயிற்று. ஒரே இடத்தில் மின்சாரமின்றி நெடுநாள் தங்குகிறவர்களுக்குச் சுடரே சிக்கனமாயிற்று. ஆய்வக அளவீட்டில் நான்கு மடங்குக்கு மேல் தோற்ற எந்திரம் நூறாண்டு தாண்டியும் விற்பனையில் இருப்பதற்குக் காரணம் இதுதான்: செலவைத் தீர்மானித்தது பெட்டியின் திறன் மட்டுமல்ல, வண்டி நின்ற இடத்தில் எந்த ஆற்றல் கைக்கெட்டியது என்பதும்தான்.