வைரல் வெக்டர் வேலை செய்யலையா? ஆய்வகத்தில் கோளாறு எங்கே இருக்கும், யாரிடம் உதவி கேட்பது?

கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலத்தில் 2021-ல் கோவிஷீல்டு போட்டுக்கொண்டவர்கள் நிறைய பேர். அவர்கள் எல்லோர் உடம்பிலும் ஒரு வைரல் வெக்டர் போயிருக்கிறது. சிம்பன்சிகளைத் தொற்றும் அடினோ வைரஸ் அது. பெருக முடியாதபடி மாற்றப்பட்டு, கொரோனாவின் ஸ்பைக் மரபணு ஏற்றப்பட்டது. அரை மில்லி ஊசியில் சுமார் 5,000 கோடி துகள்கள்!

அப்படின்னா வெக்டர் என்பது ஒரு சரக்கு வண்டி. செல்லுக்குள் நுழைய வைரஸுக்குத் தெரியும். அதன் நோய் மரபணுக்களை எடுத்துவிட்டு, நமக்குத் தேவையான மரபணுவை ஏற்றி அனுப்புகிறார்கள்.

சிக்கல் என்னன்னா, இந்த வண்டி ஆய்வகத்தில் அடிக்கடி நின்றுவிடும்.

வேலூரில் என்ன நடந்தது?

ஹீமோஃபீலியா ஏ நோயாளிகளுக்கு ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் 8 போதாது. வேலூர் சி.எம்.சி. குழு, லென்டி வைரஸ் வெக்டர் மூலம் 5 பேரின் சொந்த ஸ்டெம் செல்களில் அந்த மரபணுவை ஏற்றியது. லென்டி வைரஸ் என்பது எச்.ஐ.வி. குடும்பம், ஆனால் வெக்டரில் நோய் தரும் பகுதிகள் கிடையாது, பயப்பட வேண்டாம். முடிவுகள் 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தன.

முதல் 2 பேருக்கு ஃபேக்டர் 8 அளவு 5.2, 1.7 என்றே இருந்தது. அடுத்த 3 பேரின் செல்களில், வெக்டர் உள்ளே நுழைய உதவும் ஒரு பொருளையும் சேர்த்தார்கள். அளவு 37.1, 19.3, 39.9 என ஏறியது. கண்காணித்த காலம் முழுக்க ஐந்து பேருக்குமே ரத்தக்கசிவு இல்லை. மரபணு அதேதான், ஆனால் செல்லுக்குள் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதில்தான் அத்தனை வித்தியாசமும்.

கோளாறு எங்கே இருக்கும்?

முதல் சந்தேகம் டைட்டர் மீது, அதாவது ஒரு மில்லியில் எத்தனை துகள் என்ற கணக்கு. பி24 சோதனை வெறும் புரதத்தை அளக்கும். செல்லைத் தொற்ற முடியாத துகளும் அதில் சேரும். எண்ணிக்கை பிரமாதமாக இருக்கும், வேலை நடக்காது. அதனால் செல்லில் போட்டுப் பார்த்து அளப்பதுதான் நம்பகம்.

அடுத்தது ஃப்ரீசர். மைனஸ் 80 டிகிரியில் வைத்ததை எடுத்து உருக்கி, திரும்ப உறைய வைத்தால் வீரியம் குறையும். சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வைக்காததுதான் பலரும் செய்யும் தப்பு.

ஓவர்லோடும் உண்டு. ஏ.ஏ.வி. வெக்டரில் சுமார் 4,700 எழுத்துகள்தான் ஏறும். ஃபேக்டர் 8-க்கான முழு வரிசையோ சுமார் 7,000. வெட்டிச் சுருக்கித்தான் ஏற்ற வேண்டும்.

வெக்டரைத் தயாரிக்கும் 293டி செல்கள் பழசாகிவிட்டாலோ, மைகோபிளாஸ்மா கிருமி புகுந்திருந்தாலோ உற்பத்தி படுத்துவிடும்.

யாரைக் கேட்பது?

வெக்டரை வழக்கமாகத் தயாரிக்கும் ஆய்வகம்தான் முதல் கதவு. வேலூரிலேயே ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பிளாஸ்மிட் வாங்கிய இடத்திலும் கேட்கலாம். அமெரிக்காவின் ஆட்ஜீன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, செய்முறைகளை இலவசமாகவே தருகிறது.

"வரலை சார்" என்று மட்டும் கேட்டால் யாராலும் உதவ முடியாது. எந்த வெக்டர், எந்த செல், டைட்டர் எப்படி அளந்தது, ஒரு செல்லுக்கு எத்தனை துகள் போட்டது, பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி. கன்ட்ரோல் ஒளிர்ந்ததா என்பதெல்லாம் வேண்டும். கன்ட்ரோல் ஒளிர்ந்து சோதனை மட்டும் தோற்றால், கோளாறு பெரும்பாலும் ஏற்றிய மரபணுவிலோ அதை இயக்கும் புரமோட்டரிலோ இருக்கும். கன்ட்ரோலே ஒளிரலைன்னா வெக்டரையோ செல்லையோ பார்க்க வேண்டும்.

ஆலோசனை யார் சொன்னாலும், வெக்டரை மாற்றுவதற்கு முன் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் சொல்லியாக வேண்டும். 1989-ம் ஆண்டு விதிகளின்படி இந்தியாவில் இந்தக் குழு இல்லாமல் இப்படிப்பட்ட ஆய்வு நடத்த முடியாது.