ரிப்பன் மாளிகையும் ஊராண்மையும்

நம் திருவண்ணாமலை நகராட்சி 2024 ஆகஸ்டுத் திங்களில் மாநகராட்சியாக உயர்ந்தது. இவ்வேளையில், தமிழகத்தின் மூத்த மாநகராட்சியான சென்னையின் மன்ற மாளிகை வரலாற்றை நாம் அறிந்துகொள்வது பயனுடைத்து.

1688-இல் தோன்றிய சென்னை மாநகராட்சி, முன்னர் எர்ரபாலு செட்டித் தெருவில் இயங்கி வந்தது. பின்னர், சென்ட்ரல் இரயில் நிலையத்தின் அருகே புதுமாளிகை எழுந்தது. 1909-இல் வைசிராய் மிண்டோ பிரபு அடிக்கல் நாட்டினார். ஹாரிஸ் என்பார் வகுத்த வரைபடத்தின்படி லோகநாத முதலியார் கட்டி முடித்தார். ஏழரை இலட்சம் ரூபாய்ச் செலவில் எழுந்த இதனை 1913-இல் ஹார்டிஞ்ச் பிரபு திறந்துவைத்தார்.

நீளம் 85 மீட்டர். அகலம் 32 மீட்டர். நடுவே எழும் மணிக்கூண்டின் உயரம் 43 மீட்டர். சுண்ணாம்புச் சாந்திட்டுச் செங்கல்லால் எழுப்பிய சுவர்களின் மேல் தேக்கு உத்தரங்கள் கூரையைத் தாங்குகின்றன. அண்டையிலுள்ள விக்டோரியா பொது மண்டபம் செந்நிறத்தது. இந்தோ-சாரசெனிக் பாணியில் அமைந்தது. இதுவோ வெண்ணிறத்தது, கிரேக்க, உரோமானியக் கலைமரபைத் தழுவியது.

இம்மாளிகை ரிப்பன் பிரபுவின் பெயரைத் தாங்குவதற்குக் காரணம் உண்டு. 1882-இல் அவர் பிறப்பித்த தீர்மானம், ஊராட்சி மன்றங்களில் அரசு அலுவலர் மூன்றிலொரு பங்கிற்கு மேற்படலாகாது என வகுத்தது. நான்காண்டுகளில், 1886-இல், நம் திருவண்ணாமலையும் நகராட்சியாயிற்று. ஆகவே, அப்பெயரில் நம் ஊருக்கும் பங்குண்டு எனலாம்.

எனினும், கட்டடம் வேறு, மன்றம் வேறு. 1973-இல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. 1996 வரை, இருபத்துமூன்று ஆண்டுகள், அம்மாளிகையில் அதிகாரிகளே ஆண்டனர். 2016 முதல் 2022 வரை மீண்டும் அதே நிலை. கோபுரம் நிமிர்ந்து நின்றது. மக்கள் தேர்ந்தெடுத்தோரின் குரல் அங்கு ஒலிக்கவில்லை.

கலந்தாலோசனையைக் குறிக்கும் ‘ஷூரா’ என்னும் அரபுச் சொல்லின் வேருக்குக் கூட்டிலிருந்து தேனெடுத்தல் என்ற பொருளும் உண்டு. பல மலர்களின் தேன் ஒரு கூட்டில் சேர்வதுபோல், பலர் கருத்தும் ஓரவையில் சேர்தல் வேண்டும்.

நம் மாநகராட்சிக்கு எத்துணை அழகிய மாளிகை அமைந்தாலும் மகிழ்வோம். ஆனால், உரிய காலத்தில் தேர்தல் நடைபெறுகிறதா, நம் தெருவின் குடிநீரும் கழிவுநீரும் மன்றத்தில் பேசப்படுகின்றனவா என விழிப்புடன் கேட்பதும் நம் கடனாகும். தேனில்லாக் கூடு எவ்வளவு பெரிதாயினும் வெறுங்கூடே.