காற்று உளியும் முருகைக்கல் சுவரும்



பூட்டிக் கிடந்த வீடுகளைத் திருத்தும் வேலை இப்போது பல இடங்களில் நடக்கிறது. "சேர், எயார் கொம்பிரசரும் காற்று உளியும் வாங்கினால் பழைய பூச்சைக் கெதியாக உடைக்கலாமோ?" என்று கேட்கிறார்கள். சரித்திரம் படிப்பிக்கிறவனிடம் கேட்டால் சரித்திரத்தில் இருந்துதான் பதில் வரும்.

காற்றைப் பிடித்து வேலை வாங்குவது நமக்குப் புதிதல்ல. கொல்லன் பட்டறைத் துருத்தி செய்ததும் அதுதான். ஆனால் அழுத்திய காற்றால் இயங்கும் கருவிகள் பெயர் எடுத்தது மலை குடைந்த இடத்தில். பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் ஆல்ப்ஸ் சுரங்கத்தை 1857 இல் கையால்தான் குடையத் தொடங்கினார்கள். 1861 இல் சொமெயே என்ற பொறியியலாளர் காற்றுத் துளைப்பான்களை உள்ளே இறக்கினார். நீராவி இயந்திரம் வைத்தால் புகையில் ஆள் செத்துவிடும். இதிலோ வெளியேறும் காற்றே சுவாசிக்க உதவியது. ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கம் 1871 இல் திறந்தது. ஆக, காற்று உளியின் பரம்பரை கடும்பாறையை உடைத்த பரம்பரை.

நம் சுவரின் பரம்பரை வேறு. நெடுந்தீவின் வேலிச் சுவர்களும், ஊர்காவற்றுறைக் கடலுக்குள் போர்த்துக்கேயர் கட்டி 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டையும் முருகைக்கல். பழைய வீடுகள் பலவும் அப்படித்தான்: முருகைக்கல் அல்லது சுண்ணக்கல், இடையில் சுண்ணாம்புச் சாந்து. அந்தச் சாந்து மென்மையானது. ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். காற்று உளியின் இடைவிடாத அதிர்ச்சி பூச்சோடு நிற்காது, உள் மூட்டுகளையும் உதிர்த்துவிடும். பிறகு மேலே சீமெந்து பூசினால் உப்பும் ஈரமும் உள்ளே அடைபட்டு, கல்லே பொரியத் தொடங்கும்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அதே காலத்தில் தீவகத் தமிழ்க் குடும்பங்களும் போரால் இடம்பெயர்ந்தார்கள். சீமெந்துக்கும் எரிபொருளுக்கும் தடை இருந்த நாட்கள் அவை. கூரை போன பிறகும் பல வீடுகளில் நின்றது இந்தச் சுவர்தான். உடைத்தால் அதே கல்லுக்கு எங்கே போவது? கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பதை 1988 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடை செய்துவிட்டது. இருக்கிற கல்தான் கணக்கு.

அப்போ கொம்பிரசரே வேண்டாமா? வேண்டும். மூட்டுகளில் தூசி ஊதவும், கதவு யன்னலுக்குப் பெயின்ட் விசிறவும், பிற்காலத்தில் போட்ட சீமெந்துத் தளத்தை உடைக்கவும் நல்ல சாமான். வாங்கும்போது தாங்கியின் லீற்றரை மட்டும் பார்க்காதீர்கள். 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை கனஅடி காற்றுத் தருகிறது என்று கேளுங்கள். ஆணி அடிக்கக் கொஞ்சக் காற்றுப் போதும். பெயின்ட் விசிறி விடாமல் குடிக்கும். மோட்டர் தொடங்கும் நொடியில் வழமையைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஜெனரேற்றரில் ஓட்டுபவர்கள் அதைக் கணக்கில் எடுங்கள். கடற்காற்றின் ஈரம் தாங்கிக்குள் தண்ணீராகத் தங்கும். வேலை முடிந்ததும் அடித் திருகைத் திறந்து வடிக்காவிட்டால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

பழைய பூச்சைக் கையுளியால் மெதுவாக எடுத்து, சுண்ணாம்பாலேயே பூசுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான மேசன்மார் உங்கள் ஊரில் இருந்தால், மெஷின் வாங்க முதல் அவர்களைக் கூட்டிவந்து சுவரைக் காட்டுங்கள். பக்கத்தில் ஒரு பொடியனையும் நிறுத்துங்கள், அந்தக் கைவேலையைப் பழகட்டும்.